நீலமா என்னமோ வந்துச்சாம்

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க. ஒரு மனுஷன் பொண்டாட்டிக்கு நல்லது பண்ணணும்னு நெனைக்கிறது தப்பா? உள்ள வாங்க, வாசல்லயே எதுக்கு நின்னுட்டு... ஏணிதானே? தரேன் தரேன். ஏணி எங்கயும் ஓடிப்போயிடாது. மேல் வீட்டுக்கு நேத்துதானே வந்தீங்க, பல்பை அரை மணி நேரம் கழிச்சு மாட்டினா ஒண்ணும் குடி முழுகிடாது. உக்காருங்க. அய்யய்யோ அதுல வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. இங்கேந்து பாத்தா ஸ்கிரீனும் நல்லாத் தெரியும்.

பாருங்க இந்தக் கண்றாவிய. எழுத்து ஒவ்வொண்ணும் பூசணிக்கா சைஸ்ல நிக்குது. படம் நடுவுல, ரெண்டு பக்கமும் இருட்டு. இது ஓட்டை லேப்டாப் இல்ல சார், தங்கமான லேப்டாப். படம் போடறதுக்குன்னே உள்ள தனியா கிராபிக்ஸ் கார்டு வெச்சு, அவ பாத்துப் பாத்து வாங்கினது. அந்தக் கார்டு உள்ளதான் இருக்கு. டிரைவர்தான் இல்ல. புரியலையா? இப்ப உள்ள ஒரு சமையல்காரர் உக்காந்திருக்காருன்னு வெச்சுக்குங்க. பெரிய கைகாரர். ஆனா நம்ம பாஷை அவருக்குத் தெரியாது. நடுவுல நின்னு எடுத்துச் சொல்ற ஆள் இருக்கான்ல, அவன்தான் டிரைவர். அவன் வரல. அதனால சமையல்காரர் கையக் கட்டிட்டு சும்மா உக்காந்திருக்காரு, எடுபிடி ஆளு ஒருத்தன் மொத்தச் சமையலையும் தலையில போட்டுக்கிட்டு முக்கிட்டு இருக்கான். ஒரு படம் வரதுக்கு நாப்பது நிமிஷம் சார்! நாப்பது!

யாரு இப்படிப் பண்ணதுன்னா கேக்கறீங்க? நான்தான். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? ஆனா நல்ல எண்ணத்துல பண்ணேன். போன வாரம் அவ பொறந்த நாளு. லேப்டாப் காலையில ஆன் பண்ணா, இவ பல்லு வெளக்கி குளிச்சுட்டு வரதுக்குள்ள கண்ணு முழிக்கலாமா வேணாமான்னு யோசிச்சுட்டு இருக்கும். எங்க கடையில... நான் டைல்ஸ் கடையில சேல்ஸ் சார், பத்தொம்பது வருஷம், ஒரு கஸ்டமரைக்கூட சும்மா அனுப்பினதில்ல... எங்க கேஷியர் ஒரு கம்ப்யூட்டர் பைத்தியம். அவன் சொன்னான், "விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போடுங்கண்ணே, பறக்கும்"னு. சரி, சர்ப்ரைஸா இருக்கட்டுமேன்னு அவ இல்லாத நேரத்துல இருந்ததை எல்லாம் வழிச்சு எடுத்துட்டு லினக்ஸைப் போட்டேன். அவ ஃபைலெல்லாம் பத்திரமா எடுத்து வெச்சுட்டுதான் போட்டேன், அவ்ளோ முட்டாள் இல்ல நான். வந்து திறந்து பாத்தா. பாத்துட்டு, "என் வீட்டைக் காலி பண்ணிட்டு வேற யாரையோ குடி வெச்சுட்டீங்களே"ன்னா. அவ்ளோதான். அழல, கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும் சார்.

அவ கிச்சன் வரையறவ. அடுப்பு எங்க, அலமாரி எங்க, ஜன்னல் எங்கன்னு கம்ப்யூட்டர்லயே கட்டி, அப்படியே சுத்திக் காட்டுவா. நாமளே உள்ள போய் நின்ன மாதிரி இருக்கும். ஒன்பது வருஷம் ஒரு கம்பெனிக்கு வரைஞ்சு குடுத்தா. ரெண்டு மாசம் முன்னாடி வேலையை விட்டுட்டு, இனிமே நானே பண்றேன்னு சொந்தமா எறங்கியிருக்கா. முதல் கஸ்டமர், பல் டாக்டரும் அவர் வீட்டம்மாவும். இன்னிக்கு நாலு மணிக்கு இங்க வராங்க. இதே ஹாலுக்கு, இதே ஸ்கிரீனைப் பாக்க. முதல் வேலை சார்! இது போச்சுன்னா... அவ மறுபடி அந்தக் கம்பெனி வாசல்ல போய் நிக்கணும்.

அவளா? அவ அக்கா வீட்டுல. அஞ்சு நாளாச்சு. மூணு மணிக்கு நான் போன் பண்ணணும்னு சொல்லியிருக்கா. அவ வரைஞ்ச கிச்சன் ஸ்கிரீன்ல சுத்துதுன்னா கிளம்பி வருவா. சுத்தலைன்னா டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டு, வராதீங்கன்னு சொல்லிட்டு அங்கேயே இருந்துடுவா. இப்ப மணி... ரெண்டு இருபது. வேலியில போன ஓணானை நானே எடுத்து உள்ள விட்டுக்கிட்டேன், இப்ப குத்துதே குடையுதேன்னா யாரு கேப்பா?

இருங்க, முடிஞ்சிடுச்சு. நாலாவது தடவையா டிரைவரைப் போடறேன். ஒவ்வொரு தடவையும் நல்லாத்தான் போகுது. பாருங்க, இப்ப பாஸ்வேர்டு குடுன்னு கேக்குது, ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி கேப்பேன்னு கொட்டை எழுத்துல எழுதி வேற வெச்சிருக்கு. நானும் எங்க கடை போன் நம்பரைக் குடுப்பேன். அப்புறம் கேக்கறதே இல்ல சார்! கேப்பேன்னு சொன்னா கேக்கணுமா இல்லையா? இந்தா, கடை நம்பர்... ஓகே... ஓகே... ரீஸ்டார்ட். அது எழுந்து வரட்டும், அதுக்குள்ள நாம ஏணியை எடுத்துடலாம், வாங்க. பின் ரூம்ல இருக்கு.

பாத்து, பாத்து, டப்பா. எல்லாம் டைல்ஸ் சாம்பிள். அவ போய் அஞ்சு நாள்ல வீடு இப்படி ஆயிடுச்சு. என்ன சார் திரும்பித் திரும்பிப் பாக்கறீங்க? லேப்டாப்பா? அது கிடக்கு விடுங்க, அதுவா வரும். என் சகலையப் பத்தி சொல்லணும் உங்களுக்கு. அவ அக்கா புருஷன். மகா மௌனி. என்ன சொன்னாலும் "ம்". வீடு பத்தி எரியுதுன்னாலும் "ம்". இவ அங்க போய் உக்காந்துட்டு என்கிட்ட போன்ல சொல்றா, "மாமா எவ்ளோ பொறுமையா கேக்கறாரு தெரியுமா"ன்னு. கேக்கறாரா? தூங்கறாரு சார்! கண்ணைத் திறந்து வெச்சுட்டு தூங்கற வித்தை அது. என்ன... எதுக்குக் கை காட்டறீங்க? அட, வரேன் சார், ஏணி மாட்டிக்கிச்சு, இந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க...

ஹும். பாத்தீங்களா? நான் சொல்லல? மறுபடி அதே பூசணிக்கா.

பாஸ்வேர்டு கேட்டுச்சா? கேக்கல. நீங்களே சாட்சி. என்னது, ஏதோ வந்துச்சா? எங்க? இருங்க, ஏணியை இப்படி சாய்ச்சு வைங்க முதல்ல, சுவத்துல பெயிண்டு உரியப்போகுது, அப்புறம் அதுக்கும் என்னைத்தான் சொல்லுவா. சொல்லுங்க. இல்ல, நான் சொல்லிடறேன் முதல்ல, இல்லைன்னா மறந்துடும். அஞ்சாவது தடவை போட்டுடலாம். பழையதை எடுத்துட்டு... மறுபடி போடு... பத்து நிமிஷம் ஆகும். இப்ப எல்லாம் எனக்கு மனப்பாடம் சார், தூக்கத்துல எழுப்பினாலும் போடுவேன்.

நெட்ல கேக்கலையான்னு கேப்பீங்க. கேட்டேனே! லினக்ஸ்காரங்க எல்லாம் கூடிப் பேசற எடம் ஒண்ணு இருக்கு. அங்க போய் நாலு பக்கத்துக்கு விலாவாரியா எழுதினேன். அவ பொறந்த நாள்லேந்து ஆரம்பிச்சு எழுதினேன். ஒருத்தன் ஒரு கமாண்டு குடுத்தான், அடிச்சேன், வைஃபை காணாம போச்சு. ரெண்டு நாள் அதைத் தேடி அலைஞ்சேன். இன்னொருத்தன் மொட்டையா, "ரீஸ்டார்ட் ஆகறப்ப ஸ்கிரீனைப் பாரு"ன்னு ஒரே ஒரு வரி. திமிரைப் பாத்தீங்களா? பாக்காம பின்ன கண்ணை மூடிட்டா உக்காந்திருக்கேன்? நல்லாக் குடுத்தேன் அவனுக்கு, மூணு பத்தி. அதோட எல்லாரும் ஓடிட்டாங்க.

நீங்க என்ன வேலை பாக்கறீங்க சார்? நானே பேசிட்டு இருக்கேன். கண்ணாடிக் கடையா! கண்ணு டெஸ்ட் பண்றவரா? ஓ, எழுத்தைக் காட்டி, "இது தெரியுதா, இது தெரியுதா"ன்னு கேப்பீங்களே. நல்ல வேலை. இந்தப் பூசணிக்கா எழுத்து உங்க கடைக்கு வர யாருக்கு வேணாலும் தெரியும்.

அதான் சார், அவ கொஞ்சம் கொஞ்சமா கோவப்பட்டா பரவாயில்ல, எல்லாத்தையும் சேத்து வெச்சு ஒரே நாள்ல கிளம்பினா என்ன பண்றது? கிளம்பறப்ப அவ சொன்னது லினக்ஸைப் பத்தியே இல்ல. "உங்களுக்கு நான் பேசறது காதுலயே விழாது"ன்னா. கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழிச்சு இது ஒரு கம்ப்ளெயிண்ட்! முதல் நாள் டிரைவர் போட்டப்ப பக்கத்துலதான் நின்னுட்டு இருந்தா. ரீஸ்டார்ட் ஆகுது. நான் கேஷியர்கிட்ட போன்ல பேசிட்டு இருக்கேன், முக்கியமான விஷயம். இவ நடுவுல, "என்னங்க, நீலமா என்னமோ வருது"ங்கறா. "நீ சும்மா இரு, எனக்குத் தெரியும்"னேன். ரெண்டாவது தடவையும் அதே, "என்னங்க, மறுபடி நீலமா என்னமோ வந்துச்சு"ங்கறா. நீலமா என்னமோ வந்துச்சாம்! அவளுக்கு எல்லாமே கலர்தான் சார். கிச்சன் வரைஞ்சு வரைஞ்சு, எங்க பாத்தாலும் கலர். அதையும் சொன்னேன் அவகிட்ட. அதுக்கு அவ, "தவளை தன் வாயால கெடும்"னு சொல்லிட்டு பையை எடுத்தா. யாரு சார் தவளை?

முடிஞ்சிடுச்சு. பாஸ்வேர்டு... கடை நம்பர்... ஓகே, ஓகே. ரீஸ்டார்ட். மணி என்ன? ரெண்டு நாப்பது. இது கடைசி சார். இதுக்கு மேல நேரம் இல்ல. இதுவும் வரலைன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவளுக்குப் போன்... நீங்க எழுந்துக்காதீங்க சார், ஏணியை நானே தூக்கிட்டு வந்து தரேன். ஒண்ணு சொல்றேன் கேளுங்க, உங்க வீட்டம்மா லேப்டாப்ல மட்டும் கையே வெச்சுடாதீ... யோவ்! என்ன சார் வாயைப் பொத்... ம்ம்! ம்ம்ம்!

...

நீலம்.

சார், நீலமா என்னமோ...

என்ன போட்டிருக்கு? "பத்து விநாடிக்குள்ள ஏதாவது ஒரு பட்டனை அழுத்து." எட்டு... ஏழு... அழுத்துங்க சார், அழுத்துங்க! எந்தப் பட்டனாவது! அழுத்திட்டீங்களா. அப்பாடா. இப்ப என்ன? டிரைவரை உள்ள விடறதுக்குப் புது சாவியைச் சேக்கவான்னு கேக்குது. சேத்துக்கோ. நிச்சயமாவா? நிச்சயமா, ஆயிரம் தடவை நிச்சயமா. பாஸ்வேர்டு... கேக்குது சார். கேப்பேன்னு சொன்னது கேக்குது. இத்தனை நாளா, ஒவ்வொரு தடவையும், கேட்டுட்டுதான் இருந்திருக்கு. பத்து விநாடி பாக்கும், யாரும் திரும்பலைன்னா பேசாம போயிடும். கடை நம்பர். என்டர்.

இருங்க. பேசாதீங்க. நீங்க இல்ல, என்னைச் சொல்லிக்கிறேன்.

...

வந்துடுச்சு. எழுத்தைப் பாருங்க, எவ்ளோ சின்னதா, எவ்ளோ அழகா! ஸ்கிரீன் முழுசா! இப்ப அவ கிச்சனைத் திறக்கறேன்... சார், சுத்துது. சார்! பம்பரமாட்டம் சுத்துது! ஜன்னல் வெளிச்சம் பாத்திரம் கழுவற தொட்டி மேல விழுது பாருங்க... இந்தச் சுவத்துக்கு என்ன டைல்ஸ் போட்டிருக்கா? இது எங்க கடை டைல்ஸ் சார். வெளிர் நீலம். போன வருஷம் யாருமே வாங்கலைன்னு நான் பொலம்பிட்டு இருந்தேனே, அதே டைல்ஸ். நான் பேசினது ஒண்ணு விடாம அவளுக்குக் காதுல விழுந்திருக்கு.

போன். என் போன் எங்க? மணி ரெண்டு ஐம்பத்தி மூணு. ஏணிக்குப் பக்கத்துலயா? குடுங்க குடுங்க. அடிக்குது. எடு, எடும்மா...

ஹலோ! சுத்துதும்மா! ஆமா! அந்தச் சனியன் புடிச்ச நெட்காரன் சொன்னது, நான் என்னடான்னா அவன்கிட்ட போய் மூணு பத்தி... கேஷியர் பய இதைச் சொல்லவே இல்ல, சொல்லியிருந்தா நான் அன்னிக்கே... இல்ல. இரு. அதெல்லாம் இல்ல. நீலமா வந்துச்சு. நீ சொன்னது. முதல் நாளே நீ சொன்னே, ரெண்டாவது தடவையும் சொன்னே. நான்தான் காதுல வாங்கல. தப்பு என்னோடதுதான்.

சார், ஏணி... மெதுவா போங்க, வாசப்படி... சரி சரி, கதவைச் சாத்திக்குங்க.

ஹலோ? இல்ல, மேல் வீட்டுக்காரர். போயிட்டாரு. என்ன சொல்ல வந்தே? நீ சொல்லு.

...ம்.

...

ம்.

...

...ம்.

இல்லம்மா, கட் ஆகல. லைன்லதான் இருக்கேன். கேட்டுட்டு இருக்கேன். நீ சொல்லு.