அப்பாவின் தொழில்

டிக்கோயாவில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஃபைலை மடியில் வைத்திருந்தவள் சொன்னாள்:

"அப்பா செத்துட்டாருன்னு போட்டுட்டேன்டி."

"அடிப்பாவி! எதுல?"

"வேலை தேடுற வெப்சைட்லதான். அப்பா என்ன தொழில்னு கேட்டுச்சு. தேயிலைத் தோட்டத்துல வேலைன்னு போட்டப்பல்லாம் வீட்டு வேலைக்குத்தான் கூப்பிட்டாங்க. இப்பதான் கொழும்புல ஆபிஸ் வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்கு."

"தோட்டத்துல காலைப் பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போகாம அப்பாவும் கூட வர்றாரே. அங்க யாருன்னு கேட்டா?"

"மாமான்னு சொல்லுன்னு அவரேதான் சொன்னாரு."

டிரைவருக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தவர் திரும்பினார். "பாப்பா, சர்டிபிகேட் எல்லாம் பத்திரமா இருக்கா?"

அவள் ஃபைலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"இருக்கு, மாமா."

"அப்படித்தான்" என்று தலையாட்டிவிட்டு அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.