சாலையின் இந்தப் பக்கம்

— ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாங்க... இல்ல, கழட்டாதீங்க. அப்படியே நில்லுங்க.

— என்ன, போலீஸ் சோதனையா?

— நேத்து கொட்டோ கொட்டுன்னு மழை. பூங்கா முழுக்கச் செம்மண்ணு. உங்க ஷூ மட்டும் மாப்பிள்ளை ஷூ மாதிரி பளபளக்குது.

— பார்த்துப் பார்த்து நடந்தேன்.

— ஒரு மணி நேரமும்?

— அதை விடு. காலைல உன் பாட்டு வகுப்பு எப்படிப் போச்சு? இப்ப வீட்டுல நீ பாடினது வாசல் வரைக்கும் கேட்டுச்சு. என்ன, ரெண்டு மாசமா ஒரே பாட்டு...

— பேச்சை மாத்தாதீங்க! டாக்டர் இன்னைக்கு என்ன சொன்னாரு? சர்க்கரை ஏறிப்போச்சு, அடுத்த தடவையும் இப்படியே இருந்தா ஊசிதான்னு. "தினமும் நடக்கிறாரு டாக்டர்"னு நான் உங்களுக்கு வக்காலத்து வாங்கினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு.

— அந்த ஆளுக்கு எதுக்கெடுத்தாலும் சிரிப்பு.

— எங்க போறீங்க தினமும்?

— பூங்காவுக்குத்தான்...

— என் தலைல கை வெச்சுச் சொல்லுங்க.

— ...சைக்கிள் கடை வரைக்கும்.

— எது, நம்ம முக்குல இருக்கே, அதுவா? ஜன்னல்ல எட்டிப் பார்த்தாலே தெரியுமே!

— கடைக்காரன் ஸ்டூல் எடுத்துப் போடுவான். டீ சொல்லுவான்...

— சர்க்கரை போட்டு?

— வேண்டாம்னா அவன் மனசு கஷ்டப்படும்.

— அவன் மனசு! முன்னெல்லாம் நான் இழுத்தாலும் பூங்காவை விட்டு வரமாட்டீங்க. இப்ப என்ன வந்துச்சு?

— சிரிக்கமாட்டியே?

— சொல்லுங்க முதல்ல.

— பூங்காவுக்கும் நமக்கும் நடுவுல இந்த ரோட்டை அகலப்படுத்தினாங்களே... சிக்னல்ல பச்சை மனுஷன் எரிவான். நான் காலை இறக்குவேன். நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள கண்ணைச் சிமிட்ட ஆரம்பிச்சிடுவான். ஒருநாள் நடுவுல மாட்டிக்கிட்டேன். அந்தப் பக்கம் லாரி, இந்தப் பக்கம் லாரி. அடுத்த பச்சைக்கு இந்தப் பக்கமே திரும்பி வந்துட்டேன்.

— அவ்வளவு பெரிய பஸ்ஸையே ஓட்டின மனுஷன்...

— பார்த்தியா, சிரிக்கிற! இதுக்குத்தான் வாயைத் திறக்கலை. பஸ் டிரைவருக்கு ரோட்டைக் கடக்க பயம்னா வெளிய சொல்ல முடியுமா?

— சிரிக்கலைங்க... இந்தாங்க, தண்ணி குடிங்க.

— ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். நடுவுல செடி வெச்ச திட்டு இருக்குல்ல? ஒரு பச்சைக்கு அதுவரைக்கும் போறது. அங்க நின்னு மூச்சு வாங்கிட்டு, அடுத்த பச்சைக்கு மீதி.

— நல்ல யோசனைதான். அப்புறம் ஏன் போகலை?

— அந்தத் திட்டுல தனியா நிக்கணுமே...

— ம்...

— நீதான் தினமும் அந்தப் பக்கம் போய் பாட்டு கத்துக்கிட்டு வர்றியே. நாளைக்கு என்னையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயேன்.

— கையைப் பிடிச்சுக்கலாம்ங்க. ஆனா யாரு யாரைக் கூட்டிட்டுப் போறதுன்னுதான்... வகுப்புக்குப் போனாத்தானே புதுப் பாட்டு வரும்? ரோடு பெருசானதுல இருந்து, தினமும் காலைல நான் தையல்கடைலதான் உக்காந்திருக்கேன். அதுவும் இந்தப் பக்கம்தான்.