சேனை வைத்த விரல்

"அந்த வெரலோட கொழந்தைகிட்ட வராதீங்க அம்மணி, நான் சொல்றதக் கொஞ்சம்—"

"கொடியை அறுத்தீல்ல, உன்ற வேலை முடிஞ்சுது. தள்ளு—"

"எலுமிச்சம்பழத்தை மாட்டிக்கிட்டுச் சேனை வெக்கறவிங்கள இன்னைக்குத்தானுங்க பாக்கறேன். பாலாடையில வையுங்க, ஆருங்க வேண்டாங்கறா—"

"பதினோரு வருசமா ஆசுபத்திரியில இருக்கறவ நானா, நீயா?"

பாவாத்தாள் விலகி வழிவிட்டாள். கிணத்துக்கடவு வட்டாரத்தில் முப்பது வருசம் பிரசவம் பார்த்தவள்தான். ஆனாலும் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டால் வாயடைத்துப் போவாள். அது தெரிந்துதான் சொன்னேன்.

டாக்டரம்மா, அன்றைக்கு நீங்கள் கேட்டபோது வேறு சொன்னேன். இன்றைக்கு நானாக வந்திருக்கிறேன். நின்றுகொண்டே சொல்லிவிடுகிறேன்.

வலது ஆள்காட்டி விரலில் நகச்சுத்து வந்ததும் என்னை அனுப்பியது நீங்கள்தான். "நாச்சியம்மா, இது ஆறும்வரை பிரசவ வார்டுப் பக்கம் வராதே" என்று பதினைந்து நாள் லீவு கொடுத்தீர்கள். தம்பி காளிச்சாமியின் மனைவி குழந்தையம்மாளுக்கு நாள் நெருங்கியிருந்தது. லீவு வீணாகக் கூடாதென்று போத்தனூரில் ரயில் ஏறினேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். போன வருசம் ஒரு சிலந்திக்கட்டியின் சீழைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமேற்றி, பூதக்கண்ணாடிக் குழாய்க்குள் பார்க்கச் சொன்னீர்கள். திராட்சைக் குலைபோல இருக்கும் என்றீர்கள். நான் திராட்சை தின்றதில்லை. எனக்குச் சோளக்கதிர்போலத்தான் தெரிந்தது. அதே சீழைத் தட்டில் வளர்த்ததும் தங்கப்பொட்டு வைத்த மாதிரி மஞ்சளாக முளைத்திருந்தது. இந்தக் கிருமி பாதிப்பேர் மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருக்கும், வழி கிடைக்கிறவரைக்கும் சாது என்றீர்கள். வழி கிடைத்தால் விஷத்தைக் கக்கிச் சதையைக் கரைக்கும், ரத்தத்தை உறையவைத்துத் தன்னைச் சுற்றி வேலி கட்டிக்கொள்ளும், அந்த வேலிக்குள்ளிருந்து பெருகும், பச்சைக் குழந்தைக்கு எதிர்த்து நிற்கத் தெம்பிராது. ஒரு சொல் மறக்கவில்லை. மற்ற ஆயாக்களுக்கு நானேதான் பாடம் சொன்னேன்.

ஆனால் சேனையைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். நான் கட்டிக்கொடுத்த மூன்றாம் வருசம் தாலி அறுத்தவள். என்னிடமிருந்து ஒன்று இந்த மண்ணில் தங்கவேண்டுமென்றால் அந்த ஒரு துளிதான் வழி. குழந்தையம்மாள் நல்ல பிள்ளை. பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே, "நங்கையா, நீங்கதான் வெக்கோணும்" என்று கேட்டிருந்தாள்.

பாலாடைச் சங்கில் வைத்திருக்கலாம். வேறு விரலால் வைத்திருக்கலாம். கையை வெந்நீரில் கழுவிவிட்டு வைத்திருக்கலாம். வெந்நீர் பக்கத்திலேயே கொதித்துக்கொண்டிருந்தது. நகச்சுத்துக்கு மாட்டியிருந்த எலுமிச்சம்பழத்தைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, அந்த விரலாலேயே வைத்தேன். பாவாத்தாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறு விரலை நீட்டினால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

நாலாம் நாள் பையனின் வாயோரத்தில் கொப்புளம். தாளிக்கும்போது எண்ணெய் தெறித்த மாதிரி. அடுத்த நாள் கழுத்து, அக்குள், தொடை. துணியால் ஒற்றினால் தோல் துணியோடு வந்தது. அவன் வாயிலிருந்து குழந்தையம்மாளின் மார்புக்குப் போனது. காம்பின் வெடிப்பு வழியாக இறங்கி, மார்பு கல்லாய்க் கட்டிக்கொண்டது. மாட்டுவண்டியில் இரண்டு பேரையும் உங்களிடம்தான் கொண்டுவந்தேன். வழியெல்லாம் அவன் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

"தொட்டவர்கள் யாருக்காவது புண் இருந்ததா?" என்று கேட்டீர்கள். என் விரல் அதற்குள் வற்றியிருந்தது. விரல் ஆறும்வரை நான் பிள்ளையைத் தொடவில்லை, கொடி அறுத்த கத்தி துருப்பிடித்தது என்றேன். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள்.

ஒன்பதாம் நாள் அவன் போய்விட்டான். பேர் வைக்கவில்லை. குழந்தையம்மாளின் மார்பைக் கீறிவிட்டீர்கள், பிழைத்தாள். கத்திப் பேச்சு ஊருக்கும் போய், பாவாத்தாளை அதற்கப்புறம் ஒரு வீட்டிலும் கூப்பிடவில்லை. மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போய்விட்டாள். போவதற்கு முன்னால் என்னைத் தேடி வந்தாள். திட்டவில்லை. "அம்மணி, கத்திய நான் காய்ச்சித்தானுங்க எடுத்தேன். உங்களுக்குத் தெரியுமல்லங்க" என்றாள். அவளுக்கு இரண்டு படி கம்பு அளந்து கொடுத்தேன். வாங்காமல் போய்விட்டாள்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. அதையும் சொன்னால்தான் முழுசாகும்.

சேனை ஒரு துளிதான் வைப்பார்கள். நான் விரலை எடுக்கவில்லை. அவன் நாக்கைச் சுருட்டிச் சப்பினான். அப்படி ஒன்று என் ஆயுசில் என்னைத் தேடிச் சப்பியதில்லை. சப்பச் சப்ப விரலின் தெறிப்பு அடங்கியது. நாலு ராத்திரி தூங்கவிடாத வலி. வெளியே எடுத்துப் பார்த்தேன். நகக்கண் உடைந்து, உள்ளே சீழ் ஒன்றும் மிச்சமில்லை. குழாய்க்குள் பார்த்த சோளக்கதிர் அந்த நொடியே கண்முன் வந்தது. வாயைத் துடைத்துவிடத் தோன்றியது. பாவாத்தாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். துடைக்கவில்லை. பிள்ளையைக் கொண்டுபோய்க் குழந்தையம்மாளின் மார்பில் போட்டேன்.

அவனை நான்தான் கொன்றேன், டாக்டரம்மா. பாவாத்தாளிடம் நீங்களே ஆள் விட்டுச் சொல்லிவிடுங்கள். உங்கள் நோட்டில் எழுதியதையும் அடித்துவிடுங்கள். போலீசுக்குச் சொல்வதானாலும் சொல்லுங்கள், வீட்டில்தான் இருப்பேன்.

இன்றைக்கு ஏன் வந்தேன் என்றுதானே பார்க்கிறீர்கள். குழந்தையம்மாள் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். ஆறு மாசம். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள். உங்களைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாதென்று வந்தேன்.

"வெரலு நல்லா ஆறிப்போச்சுங்க டாக்டரம்மா, வேணும்னா இப்பவே அந்தக் கண்ணாடியில வச்சுப் பாருங்க. இந்தத் தடவை வெந்நீர்ல கழுவிப்போட்டு, ஒரே ஒரு துளி... நானே வெக்கட்டுங்களா?"