நாலு மணி நேரத்துத் தூரம்

அட, தலையை ஆட்டாதீங்க சார், கத்தி கன்னத்துல இருக்கு. வாயைச் சுத்தி நுரை, எப்படிப் பதில் சொல்லுவீங்க? விரலைக் காட்டுங்க போதும். நம்ம கடையில எல்லாரும் அப்படித்தான்.

நேத்து அந்த ஊர்லேருந்து பிளேன்ல வந்தேன்னீங்களே, எத்தனை மணி நேரம் ஆச்சு? மணிக்கு ஒரு விரல்... நாலா? நடுவுல இறங்கி வேற பிளேன் ஏறினீங்களா? ஓ, நேரா வந்துடுதா. சரி சரி.

ஒண்ணுமில்ல, எம் பொண்ணு அங்கதான் இருக்கா. ஒரே பொண்ணு. அவ அம்மா போய்ச் சேந்தப்புறம் நான்தான் ஒத்தையில வளத்தேன். ஊரு முடியெல்லாம் வெட்டுறவன், அவளுக்காகப் பின்னக் கத்துக்கிட்டேன்னா பாத்துக்குங்களேன். அவதான், அப்பா நீ வராதே, ரொம்பத் தூரம், ரெண்டு பிளேன் மாறணும், ஒரு நாள் பூரா உக்காந்தே இருக்கணும், உன் உடம்பு தாங்காதும்பா. ஷட்டரைத் தூக்கினதுலேருந்து இறக்குற வரைக்கும் நிக்கிறவன் சார் நான். எனக்கு உக்கார்றதுன்னா கசக்குமா?

அந்தக் கன்னத்தைத் திருப்புங்க. ம்ம், அப்படித்தான்.

ரோட்டுல போனாத்தான் மலையைச் சுத்தி, ஆத்தைச் சுத்தி ரெண்டு நாள். ஆகாசத்துல யாரு குறுக்க நிக்கிறா? காக்கா பறக்குற மாதிரி நேர்கோடு. மூவாயிரம் கிலோமீட்டராம், ஒரு தூக்கம் போட்டு முழிச்சா ஊரு வந்துடுதாம். நம்ம டவுன் பஸ் மார்க்கெட் போய்ச் சேர அதைவிட நேரம் எடுத்துக்கும்.

சாயந்தரம் வீட்டுக்குப் போனா பேச ஆள் இல்ல சார். ரேடியோகூடத்தான் சண்டை போட்டுக்கிட்டிருப்பேன். அதான், பிளேன்ல போய் வந்தவங்க யாரு உக்காந்தாலும் கேட்டுடுறது. ஒருத்தர் நாலரைன்னார். ஒருத்தர் மூணே முக்கால்னார். ஒரு நாள் பூரா ஆவும்னு யாராவது ஒருத்தர் சொல்லிட்டாப் போதும், மனசு ஆறிடும். ஒருத்தர்கூடச் சொல்ல மாட்டேங்கிறாங்க.

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். விரலை மடக்கிக்குங்க.

போன வாரம் அவளுக்குக் கல்யாணம். சொன்னா, சொல்லாம இல்ல. பெரிய இடம்ப்பா, அவசரமா வச்சுட்டாங்க, நீ இவ்வளவு தூரம் அலையாதேன்னா. போட்டோ அனுப்பியிருக்கா. இருங்க, கையைத் துடைச்சுக்கிட்டுக் காட்டுறேன். மாப்பிள்ளை நல்ல வாட்டசாட்டம், இல்ல? பொண்ணு பக்கத்துல, அப்பா எடத்துல நிக்கிறது எந்தம்பி. பெரிய கம்பெனியில கணக்கு பாக்குறான். இதே ஊருதான், ரெண்டு தெரு தள்ளி வீடு. கல்யாணத்துக்கு முந்தின நாள் இங்க வந்தான். ஆபீஸ் வேலையா வெளியூர் போறேண்ணே, கொஞ்சம் நல்லாப் பண்ணிவிடுன்னான்.

நல்லாத்தான் பண்ணிவிட்டிருக்கேன். பாருங்க, போட்டோவுலயே கன்னம் என்னமா மின்னுது.