பின்கதவுச் சாக்கு

காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் வண்டியை எடுப்பவனில்லை நான். ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்ப்பேன், நாலு டயரையும் உதைத்துப் பார்ப்பேன். பதினோரு வருஷம் ஓடிய வேன் சார் அது. உள்ளே ஏறிப் பாருங்கள், போன மாதம் வாங்கியது என்பீர்கள்.

தினமும் அதியமான்கோட்டையிலிருந்து பன்னிரண்டு பெண்களைக் கூலி வேலைக்கு ஏற்றிப் போவேன். பாப்பாரப்பட்டிக்கு அந்தாண்டை தக்காளித் தோட்டத்தில் இறக்கிவிட்டு, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மார்க்கெட். சாயங்காலம் திரும்ப அவர்களை ஏற்றி வருவேன். நல்ல ஜனங்கள்தான், குறை சொல்ல மாட்டேன். அந்தக் கால்கள்தான் எனக்கு ஆகாது. சேறு, சாணி, மருந்துத் தண்ணீர், நசுங்கிய தக்காளி, எல்லாம் ரப்பர் மேட்டில் அப்பிக்கொள்ளும். வெயிலில் அது புளித்து வாடை எழும்பினால் எனக்கு மத்தியானச் சோறு இறங்காது. பீனாயில் ஊற்றினாலும் மூக்குக்குள்ளேயே நிற்கும்.

அதனால் ஒரு சட்டம் வைத்தேன். ஏறும்போதே செருப்பைக் கழற்றிப் பின்கதவில் தொங்கும் சாக்கில் போட்டுவிட வேண்டும். சாயங்காலம் ஊரில் இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் கொடுத்தால் சேற்றோடு என் வண்டிக்குத்தானே திரும்பி வரும்? ஆகவே சாக்கு நாள் முழுக்க என்னோடு சுற்றும். பாஞ்சாலி ஒருத்திதான் ஒருநாள் கேட்டாள்.

"முள்ளு ஏறுதுங்க. செருப்ப மட்டும் குடுத்துட்டுப் போங்க."

"உங்காலக் கழுவிக்கிறது ஒரு செம்புத் தண்ணி. வண்டியக் கழுவறது நானு" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவளும் சிரித்தாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை வரப்பில் நடக்கும்போது அவளைப் பாம்பு கடித்தது. வெறும் பாதத்தில். இரண்டாம் நடைப் பெட்டி ஏற்ற நான் அப்போதுதான் வந்திருந்தேன். ஒரு நிமிஷமும் தயங்காமல் ஏற்றிக்கொண்டேன். கூட வேலை செய்யும் சென்னம்மாள் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேர ஓட்டம்.

பாதி வழியில் வாந்தி எடுத்தாள். ஒரு தடவை என்றால் பொறுத்திருப்பேன். மூன்று தடவை. காலையில்தான் கழுவி மஞ்சள் குங்குமம் வைத்திருந்தேன். சீட்டுத் தையலுக்குள் அது இறங்கிவிட்டால் ஆறு மாதத்துக்கு நாற்றம் போகாது. ரோட்டோரம் ஒரு கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தினேன். இரண்டு பேரையும் இறக்கிப் புளியமரத்தடியில் விட்டேன். வெயிலில் விடவில்லை.

"கழுவறத அப்பறம் கழுவிக்கலாமுங்க. அவளுக்குக் கண்ணு சொருகுது, வண்டிய எடுங்க" என்றாள் சென்னம்மாள்.

அஞ்சு நிமிஷம் என்றேன். ஆம்புலன்சைக் கூப்பிட என் போனைக் கேட்டாள். அவள் கையெல்லாம் வாந்தி, எப்படிக் கொடுப்பது? கையைக் கழுவிவிட்டு வா என்றேன். அவள் கழுவப் போகாமல் ரோட்டுக்கு ஓடி வண்டி எதையாவது நிறுத்தப் பார்த்தாள். அதற்குள் பாஞ்சாலி தவழ்ந்து வந்து படியைப் பிடித்தாள். அப்போதுதான் படியைத் தேய்த்து முடித்திருந்தேன். விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு தட்டவில்லை. ஈரத் துணியால் சீட்டை நிதானமாகத் துடைத்தேன்.

நாற்பது நிமிஷம் கழித்து ஒரு டிராக்டர் வந்து அவளை ஏற்றிப் போனது. வழியிலேயே போய்விட்டாள். அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். சொல்லலாம். அவர் வேன் கழுவியதில்லை.

நான் எதையும் மறைக்கவில்லை சார். செருப்பை வாங்கி வைத்தது நான், இறக்கிவிட்டது நான், கதவைச் சாத்தியதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒரே ஒரு உதவி. வண்டியை வெயிலில் உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள். மற்றவர்கள் தங்கள் செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தச் சாக்கில் நீல வார் வைத்த ஒரு ஜோடி மட்டும் கிடக்கிறது. யாரையாவது விட்டு அதை எடுத்து வெளியே போடச் சொல்லுங்கள், வண்டி நாறிவிடும்.