கீழே இறங்கிப்போன சமையக்கட்டு

தவளக்குப்பம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"குன்னூர்ல குடுத்திருக்கற எங்க அக்கா இருக்குதில்ல, அது சமையக்கட்டு இப்ப கீழ்வூட்டுக்காரன் தோட்டத்துல இருக்குது" என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார்.

"எப்பிடிடீ?"

"மலைச்சரிவுல கட்டுன வூடு. மழையில மண்ணு சரிஞ்சி, தகரக் கூரையோட அப்பிடியே கீழ போயி ஒக்காந்துகிச்சி."

"ஐயையோ! இன்சூரன்ஸ் பண்ணலியா?"

"பண்ணியிருந்துச்சி. ஆபீசர் வந்து பாத்தாரு. மேல இருந்த சமையக்கட்டுக்குத்தான் பாலிசியாம். கீழ இருக்கறதுக்குக் கெடையாதாம்."

"அடப்பாவி! அக்கா சோத்துக்கு என்னா பண்ணுது?"

"கீழ எறங்கிப் போயி ஆக்கிக்கினு வருது. எடத்துக்கு வாடகை குடுன்னு கேக்குறான் கீழ்வூட்டுக்காரன்."

"குடுத்துச்சா?"

"அடுத்த மழையில என் சமையக்கட்டோட உன் வூடும் இன்னும் கீழ எறங்கும், அங்க வந்து வாங்கிக்கன்னு சொல்லிடுச்சி."