பாலம் சுத்தம்

இரவு மூன்றேகால் இருக்கும். வடக்கே சுவாவ்கி ஊரிலிருந்து தெற்கே வரும் காட்டு ரோடு. இரண்டு பக்கமும் பைன் மரம், மேலே நிலா கிடையாது... நடுவில் ஒற்றை லாரி. யாராவது அந்தக் கதவை நன்றாகச் சாத்துங்கள், குளிர் காலைப் பிடித்து இழுக்கிறது. ம்... சரி.

இது என் மச்சானோடு வேலை பார்த்தவனுக்கு நடந்தது. ஈரெக் என்று பெயர். எதையும் சுலபத்தில் நம்புகிற ஆள் இல்லை. பலகை ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தான். பின்னால் இன்னொரு லாரியில் அவன் தம்பி லூட்ஸெக். லாரி ஓட்ட வந்த பிறகு தம்பிக்கு அதுதான் முதல் குளிர்காலம். இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் நாள் அன்றைக்கு. விடிந்ததும் அப்பாவின் கல்லறையில் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து விளக்கு வைக்க வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். பண்டிகைக்காக லாரிகளை நிறுத்தி வைத்திருந்த தடை இரவில் நீங்கியதுமே கிளம்பிவிட்டார்கள்.

அம்மா சொன்னது இன்னொன்றும் உண்டு. "அவனை முன்னாடி விடாத. நீ முன்னாடி போ. போய் அவனுக்கு ரோடு சொல்லு."

ரோடு சொல்வது என்றால் உங்களுக்குத் தெரியாததா. இன்றைக்கு ஆளுக்கொரு போனைத் தடவிக்கொண்டு ஓட்டுகிறீர்கள். அப்போது லாரிக்காரனுக்குக் காதும் வாயும் வண்டிக்கு வண்டி பேசும் சி.பி. ரேடியோதான். "ரோடு எப்படி?" என்று ஒருவன் கேட்பான். அந்த வழியில் வந்தவன் பதில் சொல்வான். போலீஸ் நிற்கிறானா, மரம் விழுந்திருக்கிறதா. ஒன்றும் இல்லை என்றால் ஒரே வார்த்தை, சுத்தம். தன் சக்கரம் ஓடாத ரோட்டுக்கு எவனும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டான். திருடன்கூடச் சொல்ல மாட்டான்.

காட்டுக்குள் நுழைந்ததிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டேதான் வந்தார்கள்.

"என்னடா, லாரி ஓட்டுறியா, உருளைக்கிழங்கு தோண்டுறியா? ஆளையே காணோம்."

"உன் வண்டிப் புகையைக் குடிச்சுக்கிட்டு வரச் சொல்றியா? தள்ளியே வர்றேன். அண்ணே, அம்மா வைக்கிற புளிப்பு சூப்புல ரெண்டு முட்டையும் எனக்குத்தான். இப்பவே சொல்லிட்டேன்."

"முதல்ல வந்து சேரு."

அதற்குப் பிறகு பாலம் வந்தது. சின்ன ஆறுதான், ஆனால் கரையோரம் நாணல் மண்டிய ஆழமான ஆறு. பாலத்தின் மேல் பாதி தூரம் போனதும் ஈரெக்கின் கையில் ஸ்டியரிங் லேசாகிவிட்டது. சக்கரத்துக்கும் தரைக்கும் சம்பந்தமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி, கண்ணாடி போல. லாரி பக்கவாட்டில் வழுக்கியது... பாலத்துத் தடுப்புக் கம்பியை உரசியது... எப்படியோ அக்கரை மேட்டில் சக்கரம் பிடித்து, ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. ரேடியோப் பெட்டி தாங்கியிலிருந்து பிய்த்துக்கொண்டு கியர் மேல் விழுந்தது.

அவனுக்கு முதலில் தோன்றியது தம்பிதான். மைக்கை எடுத்தான். "லூட்ஸெக், பாலத்துல பனிக்கட்டி. மெதுவா வா. கேக்குதா?"

ஸ்ஸ்ஸ் என்று ஓர் இரைச்சல்... அவ்வளவுதான். சிக்னல் காட்டும் முள் அசையவில்லை.

போனில் சிக்னல் இல்லை. அந்தக் காட்டில் என்றைக்கு இருந்தது? திரும்பி ஓடியிருக்கலாமே என்பீர்கள். பாலத்திலிருந்து இறங்கும் சரிவில் நிறுத்த முடியாது. நிறுத்த இடம் கிடைத்தபோது பாலம் ரொம்பத் தூரம் பின்னால் போயிருந்தது. திருப்பவும் வழியில்லை. ஓடிப் போவதைவிட ரேடியோவைச் சரிசெய்வது சீக்கிரம் என்று கணக்குப் போட்டான். கைவேலை தெரிந்தவனின் திமிர் அது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பின்பக்கத்து ஆண்டெனா கேபிள் இறுக்கமாகத்தான் இருந்தது. அப்படியென்றால் கோளாறு உள்ளே. மூடியைக் கழற்றினான். திருகுகளைப் பிளாஸ்க் மூடியில் போட்டான். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தால்... ஆண்டெனா மாட்டும் இடத்திலிருந்து சர்க்யூட் தகட்டுக்குப் போகும் சின்னக் கம்பி விட்டுப்போய்த் தனியாகத் தொங்குகிறது.

கவனமாகக் கேளுங்கள். அந்தக் கம்பி இல்லாத செட் முழுச் செவிடு இல்லை. காதோடு வந்து பேசினால் கேட்கும். அண்ணனும் தம்பியும் சின்ன வயதில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு ஒருவன் வண்டிக்குள் உட்கார்ந்துகொள்வான், இன்னொருவன் கைச்செட்டில் பேசிக்கொண்டே நடப்பான். வண்டிக்குள் இருக்கும்வரை கணீரென்று கேட்கும். இறங்கிக் கொஞ்சம் தள்ளிப் போனால் சத்தமே இருக்காது.

சிகரெட் பற்றவைக்கும் துளையில் ஈயம் உருக்கி ஒட்டும் கோலை மாட்டினான். அது சூடேறுவதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சன்னலைத் திறந்து வைத்திருந்தான், தம்பியின் வண்டிச் சத்தம் வருகிறதா என்று. ஒன்றும் வரவில்லை. தூரத்தில் ஒருமுறை மட்டும் மரம் முறிகிற மாதிரி... மரம்தான் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டான்.

ஈயத்தோடு சேர்ந்த குங்கிலியம் புகைந்தது. ஈயம் உருகிச் சொட்டியது. ஒட்டினதும் கம்பியை ஓர் இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். சின்னப் பையனும் செய்வான். அவன் இழுத்துப் பார்க்கவில்லை. ஏனென்றால் கோலை எடுத்த அதே நொடியில் முள் கடைசிவரைக்கும் ஏறியது.

"அண்ணே..."

ஈரெக் அழுதேவிட்டான். "டேய், பாலத்துல பனிக்கட்டிடா. நில்லு. வராத."

"பாலம் சுத்தம்ணே. நீ போ."

"தாண்டிட்டியா? ஒண்ணும் ஆகலியே?"

"சுத்தம். நீ போ. நான் கூடவே வர்றேன்."

மூடியை மாட்டக்கூட அவன் நிற்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.

அங்கிருந்து ஊர்வரைக்கும் தம்பி கூடவே வந்தான். குரல் அவ்வளவு தெளிவு... ஒரு கரகரப்பு இல்லை. மேடு பள்ளம் எதிலும் முள் இறங்கவில்லை. நல்லாத்தான் ஒட்டியிருக்கேன் என்று ஈரெக்குக்குப் பெருமைகூட. பக்கக் கண்ணாடியில் தம்பியின் விளக்கு மட்டும் தெரியவில்லை.

"எங்கடா, வெளிச்சத்தைக் காணோம்?"

"பனிமூட்டம்ணே. ஹீட்டர் போட்டிருக்கியா? குளிருது."

"உன் வண்டி ஹீட்டரை என்னைக் கேட்டா? திருகிவிடு."

ஈரெக்கின் வண்டியிலும் ஹீட்டர் சரியில்லை போல. அவன் பக்கம் சூடு, பக்கத்து இருக்கைப் பக்கம் சில்லென்று இருந்தது. அந்தச் சன்னலில் உள்பக்கமாகப் பனி பூத்துக்கொண்டே வந்தது. ஏதோ ஒரு வாடையும் அடித்தது... நாணல், சேறு. சன்னலைத் திறந்து வைத்ததில் ஆற்று வாடை உள்ளே வந்துவிட்டது என்று நினைத்தான்.

வழியில் கல்லறைத் தோட்டங்களில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மற்ற நாளாக இருந்தால் அந்த நேரத்துக்கு ரேடியோவில் சந்தை இரைச்சல் கேட்கும். அன்றைக்கு ஒரு குரல் இல்லை. ஒருவரும் வண்டி எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

"டேய், அம்மா முட்டையை உரிச்சு வச்சிருப்பா. ரெண்டும் உனக்கே."

"எனக்குப் பசி இல்லண்ணே."

அதற்குப் பிறகு தம்பி அவ்வப்போது ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான். "ரோடு எப்படிண்ணே?" ஒவ்வொரு தடவையும் அண்ணன் சொன்னான், "சுத்தம்டா, வா."

விடிவதற்குச் சற்றுமுன் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தினான். அடுப்பங்கரையில் வெளிச்சம். சன்னலோரம் அம்மா நிழல். என்ஜினை அணைத்ததும் சட்டைப் பையில் போன் அடித்தது.

போலீஸ். லாரி ஒன்று பாலத்துக் கம்பியை உடைத்துக்கொண்டு ஆற்றில் கிடக்கிறதாம். பலகை லோடு. சத்தம் கேட்டு விறகுக்காரன் ஒருவன் ஓடி வந்து சொல்லியிருக்கிறான், மூன்றரைகூட ஆகவில்லையாம் அப்போது.

"என் தம்பி வண்டியா இருக்காது," என்றான் ஈரெக். "அவன் பாலம் தாண்டிட்டான். இவ்வளவு நேரமும் என்கிட்ட பேசிக்கிட்டுல்ல வந்தான்?"

"தாண்டலைங்க," என்றார் அந்த ஆள் மெதுவாக. "ஓட்டினவரை இப்பத்தான் வெளிய எடுத்தோம்."

போன் கையிலிருந்து நழுவியது. அவன் ரேடியோவை மடிக்கு இழுத்தான். மூடி இல்லாத பெட்டி... டார்ச்சை அடித்தான். ஆண்டெனாக் கம்பி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. முனையில் ஈயம் பளபளவென்று உருண்டை கட்டியிருந்தது. தகட்டில் ஒட்டின அடையாளமே இல்லை. ஒரு நொடிகூட ஒட்டியிருக்கவில்லை.

கம்பியை அவன் விரலிலேயே பிடித்திருந்தான். முள் மெல்ல எழுந்து... கடைசிவரைக்கும் ஏறியது.

"வந்துட்டோமாண்ணே?"

அவனால் பக்கத்து இருக்கையைப் பார்க்க முடியவில்லை. அங்கிருந்து சொட்டு... சொட்டு என்று தரைவிரிப்பில் நீர் விழும் சத்தம்.

"நான் இறங்கலாமா? வழி எப்படி?"

சன்னலில் அம்மா கையசைத்தாள். பிறகு விரலை நீட்டி எண்ணுகிற மாதிரி, ஒன்று, இரண்டு என்று இரண்டு பேரையும் காட்டிச் சிரித்தாள். ஈரெக் மைக்கை அழுத்தினான். அண்ணன் அல்லவா, வேறு என்ன சொல்வான்?

"சுத்தம்டா. இறங்கு."

பக்கத்துக் கதவு உள்ளிருந்து திறந்தது.